தோம்பு

பதிவேட்டைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் தமிழில் தோம்பு ஆனது. ஒல்லாந்தர் இலங்கையில் காணிக்கொரு தோம்பு, குடிகளுக்கொரு தோம்பு என எழுதிவைத்தார்கள். எஞ்சியவை கொழும்பில், தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. யார் காணி என்ற வழக்கில் அந்த ஏடு சாட்சி. எழுதினால் போதாது, காக்கவும் வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். அதுதான் தோம்பின் உயிர்.

இன்று அந்தக் கடமை சட்டமாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டப்படி, அரச அலுவலகம் புதிய பதிவை 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் பேண வேண்டும். ஒருவர் கேட்டிருக்கும் பதிவை, விண்ணப்பம் முடியும்வரை அழிக்கக் கூடாது. கண்டக்குழி ஊரில் காணிக்கோவைக்காக அலைகிறவர்களே, வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள்.