பெற்றோர் வயதும் ஆட்டிசமும்

குழந்தை பிறக்கும்போது தாய் தந்தையருக்கு இருக்கும் வயது, அதற்கு ஆட்டிசம் ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும் காரணிகளுள் ஒன்று. பிள்ளைக்கு ஏதேனும் என்றால் தாயைக் கைகாட்டும் வழக்கம் மருத்துவத்திலும் இருந்தது. தாயின் பாசக்குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கொடுமையான கருத்தைப் புரூனோ பெட்டல்ஹைமின் 1967ஆம் ஆண்டு நூல் ஊரெங்கும் பரப்பியது. தந்தையின் பக்கம் ஆய்வாளர் பார்வை திரும்ப நெடுங்காலம் ஆயிற்று.

தந்தை வயது பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது வேறொரு குறைபாட்டில். கைகால் எலும்புகள் குறுகி வளரும் அகோண்டிரோபிளேசியா, உடன்பிறந்தாருள் கடைசியாகப் பிறந்தவர்களிடம் மிகுந்திருப்பதை ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912இல் கண்டார். கடைக்குட்டி பிறக்கையில் பெற்றோர் இருவருக்குமே வயது ஏறியிருக்கும். பிறப்பு வரிசையா, தாய் வயதா, தந்தை வயதா என்ற முடிச்சை 1955இல் அவிழ்த்த லயனல் பென்ரோஸ், தந்தை வயதையே காரணமாகக் கண்டார். பெண்ணின் சினைமுட்டைகள் அவள் பிறக்குமுன்பே உருவாகிவிடுகின்றன. விந்தணுக்களைத் தரும் மூல உயிரணுக்களோ பருவமடைந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ 23 முறை பிரிகின்றன. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுந்தோறும் பிழை சேர்வதுபோல், ஒவ்வொரு பிரிவிலும் டி.என்.ஏ.வில் புதுப் பிழைகள் சேரக்கூடும். ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2012இல் இவற்றை எண்ணியே காட்டினர்: 20 வயதுத் தந்தை வழியாக வருபவை சுமார் 25, 40 வயதுத் தந்தை வழியாக 65, தாய்வழி வருபவை எவ்வயதிலும் 15 அளவே.

தந்தை வயதுக்கும் ஆட்டிசத்துக்கும் உள்ள தொடர்புக்கு வலுவான சான்று 2006இல் இஸ்ரேலிலிருந்து வந்தது. கட்டாய ராணுவப் பணிக்காகப் பரிசோதிக்கப்பட்டோரின் பதிவேடுகளை ஆபிரகாம் ரைக்கன்பெர்க் குழு ஆராய்ந்தது. 40 வயதைத் தொட்ட தந்தையரின் பிள்ளைகளிடம், 30க்குக் கீழ்ப்பட்ட தந்தையரின் பிள்ளைகளைவிட ஆட்டிசம் 5.75 மடங்கு காணப்பட்டது; தாய் வயதுக்குத் தனிப் பங்கு தெரியவில்லை. ஆனால் ஆட்டிசம் உடையவர் 110 பேரே என்பதால் இந்த மடங்கை அப்படியே கொள்ளலாகாது. பின்னர் 5 நாடுகளில் 57 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, இருபதுகளில் தந்தையானவர்களோடு ஒப்பிட, 50 கடந்தவர்களுக்கு வாய்ப்பு 66 சதவீதமே கூடியிருந்தது. அதே ஆய்வில் நாற்பதுகளில் தாயானவர்களுக்கு 15 சதவீதமும், இருபதுக்குமுன் தாயானவர்களுக்கு 18 சதவீதமும் உயர்வு தென்பட்டது.

ஆட்டிசத்துக்கான மரபுச் சாயல் உள்ள ஆண்கள் தாமதமாகத் தந்தையாவதும் இத்தொடர்புக்கு ஒரு காரணமாகலாம் என்போரும் உளர். வயது கடந்து பெற்றோரானவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் ஏற்படுவதில்லை.