அரிப்பில் எதை எண்ணினார்கள்?

அரிப்புக் கடற்கரையில் சிதைஞ்சு நிக்கிற கட்டிடத்தை அல்லிராணி கோட்டை எண்டு சொல்லுவினம். உண்மையில் அது முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், 1800களின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டின மாளிகை. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னுது.

முத்துக்குளிப்பே ஒரு எண்ணிக்கை வேலைதான். முதலில் கொஞ்சச் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அதிலுள்ள முத்தை மதிப்பிட்டுத்தான் குளிப்பை அறிவிப்பார்கள். பிறகு கரைக்கு வாற சிப்பியை மூன்று குவியலாய்ப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று மூச்சடக்கி மூழ்கினவருக்கு. 1905இல் மட்டும் இந்தக் கடலில் எட்டுக் கோடி சிப்பி எடுத்தார்கள். அடுத்த வருடம் ஒரு கொம்பனிக்கு 20 வருடக் குத்தகை. கொஞ்சக் காலத்தில் சிப்பியும் இல்லை, கொம்பனியும் இல்லை.

இப்ப இந்தக் கரையில் எண்ணுறது பறவைகளை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. வலசை வந்த பறவைகள் ஓரிடத்தில் தங்கி நிக்கிற தை மாதத்தில்தான் எண்ணுவார்கள். ஒரு வார இறுதி போதும். ஆனால் ஆயிரக்கணக்கில் மிதக்கிற ஊசிவால் வாத்துகளை ஒவ்வொன்றாய் எண்ணேலாது. பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு கண்ணால அளந்து, அந்த அளவைக் கூட்டம் முழுக்க வைச்சுக்கொண்டு போகவேணும். மாதிரியை வைத்து மொத்தத்தைக் கணிக்கிற பழைய முத்துக் கணக்குத்தான்!

அதே வருடங்களில் போரும் நடந்தது. 1990இல் இங்கிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2007இல் சிலாவத்துறையை இராணுவம் பிடித்தபோது சுற்றுவட்டாரச் சனமும் இடம்பெயர்ந்தது. அந்த நாளில் தொலைநோக்கியோடு கடற்கரையில் நிக்கிற ஆளை எந்தப் பக்கம் நம்பியிருக்கும், சொல்லுங்கோ?

இந்த எண்ணிக்கை ஏன் முக்கியம்? 20,000 நீர்ப்பறவை கூடுற இடம், அல்லது ஒரு இனத்தின் தொகையில் 1 சதவீதமாவது தங்குற இடம், ராம்சார் பட்டியலுக்குத் தகுதி பெறலாம். அரிப்புக்கு வடக்கே இருக்கிற வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் அந்தப் பட்டியலில் ஏறியது. 2020இல் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் வந்தன. அடுத்த காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக 2024இல் உயர் நீதிமன்றம் போனவர்கள் முன்வைத்த காரணங்களில் ஒன்று, இந்தப் பறவைகளின் வலசைப் பாதை. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகியது. காற்று அப்பிடியே கிடக்கு; வேறு நிறுவனங்கள் கேட்டு வரும். அப்ப மேசையில் வைக்க ஒவ்வொரு தை மாதக் கணக்கும் வேணும், பறவை குறைஞ்ச வருடத்துக் கணக்கும் சேர்த்து.