ஆம்பி முதல் கானோடெர்மா வரை: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து மருந்துக் காளானின் வரலாறு

பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர் ஆகியவை ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். இன்று இவ்வட்டாரத்தில் வயல்கள் குடியிருப்புகளாகிவிட்டன. பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கின. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பகுதியின் வைக்கோல் குவியலிலும் கறையான் புற்றிலும் பட்ட மரத்தின் அடியிலும் காளான் முளைப்பது எவரும் அறிந்த காட்சி. அதே காளான் இனத்தைச் சேர்ந்த ஒன்று, பொடியாகவும் மாத்திரையுறையாகவும் காப்பித் தூளுடன் கலந்தும், நீரிழிவு முதல் புற்றுநோய் வரை எல்லாவற்றுக்கும் மருந்தென்று நகர்ப்புற வீடுகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. கானோடெர்மா, ரெய்ஷி, லிங்சி என்னும் பெயர்களால் அறியப்படும் அக்காளானைச் சித்தர்களே அறிந்திருந்தனர் என்ற கூற்றும் உடன் வருகிறது. தமிழ் மரபு காளானை எவ்வாறு கண்டது, அது மருந்தாக மாறிய வரலாறு எங்கே நிகழ்ந்தது, அதன் பயனை அளக்கும் அளவுகோல் எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியத்தில் ஆம்பி

காளானுக்குப் பழந்தமிழ் வழங்கிய சொல் ஆம்பி. காளாம்பி என்ற வடிவமும் உண்டு. சங்கப் பாடல்களில் இச்சொல் வரும் இடங்களுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை.

நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடன் மேல் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெறுவதற்கு முன் பாணன் இருந்த வறுமை விரிக்கப்படுகிறது. அங்கே ஈன்ற நாய் குரைக்கும் பொலிவற்ற அடுக்களையில், கட்டுத் தளர்ந்த பழைய சுவரைக் கறையான் கூட்டம் அரிக்க, அதனால் உதிர்ந்த புழுதியில் உட்டுளையுடைய காளான் பூத்திருக்கிறது. புலவர் இதனை வறுமையின் அடையாளமாகவே வைத்தார். எனினும் கறையானையும் காளானையும் அடுத்தடுத்து நிறுத்திய அவரது கூர்மை குறிப்பிடத்தக்கது. சில கறையான்கள் தம் புற்றுக்குள் காளான் இழையை வளர்த்து உண்கின்றன என்பதை இலங்கையின் பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து டி. பெட்ச் 1906-இல் விரிவாக எழுதினார். அவ்வகைக் காளான்களுக்கு டெர்மிடோமைசிஸ் என்ற பேரினத்தை ரோஜே ஹைம் 1942-இல் நிறுவினார். பாணன் வீட்டில் பூத்தது அவ்வினமே என்று துணிவதற்கு இடமில்லை. கறையான் இருக்கும் இடத்தில் காளான் வரும் என்ற பட்டறிவு புலவருக்கு இருந்தது என்று கொள்வதற்கு மட்டும் இடமுண்டு.

புறநானூற்றின் 164-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்கிறார். சமைத்தலை மறந்த அவ்வடுப்பிலும் ஆம்பி பூத்திருக்கிறது. மூன்றாவது இடம் இவற்றுக்கு நேர்மாறானது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஆய்மகள் கடையும் தயிரில் திரண்ட கட்டிக்கு வெண்ணிறக் காளான் மொட்டு உவமையாகிறது. அது பால்வளம் நிறைந்த வீட்டின் காட்சி. பெருங்களத்தூரும் அடங்கிய தொண்டை நாட்டின் தலைவனைப் பாடிய பாட்டில் காளான் செழுமையின் பக்கம் நிற்பது கவனத்திற்குரியது.

ஆனால் இம்மூன்று இடங்களிலும் காளானை உண்டதாகவோ மருந்தாகக் கொண்டதாகவோ செய்தி இல்லை. அடுப்பில் பூத்த காளான் பசியைத் தீர்க்கவில்லை, பசியைக் காட்டியது. ஆகவே ஆம்பி என்ற சொல் சங்க நூல்களில் வருவதையே சான்றாக வைத்துத் தமிழரின் தொன்மையான காளான் மருத்துவத்தை நிறுவ முயல்வது பொருந்தாது. சொல்லின் பழமை வேறு, பயன்பாட்டின் பழமை வேறு.

வடமொழி நூல்களில் இருவேறு நோக்குகள் உள்ளன. சுசுருத சங்கிதை வைக்கோல், கரும்பு, சாணம், மூங்கில், நிலம் ஆகியவற்றில் முளைக்கும் காளான்களைத் தனித்தனியே பிரித்து, முளைக்கும் இடத்திற்கேற்பக் குணம் மாறும் என்று உரைக்கிறது. மனு தர்ம சாத்திரமோ இருபிறப்பாளர் காளானை உண்ணலாகாது என விலக்குகிறது. ஒரு பொருளை மருத்துவர் ஆராய, ஆசாரம் தடுத்த நிலை இது. நஞ்சுள்ள காளானையும் நல்ல காளானையும் பிரித்தறியும் அறிவு, ஏட்டைவிடக் காட்டிலும் வயலிலும் உழைத்தோரிடமே நிலைத்தது.

அறிவியல் பெயரும் தென்னை நோயும்

தமிழ்நாட்டுக்கும் நவீனக் காளானியலுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யொஹான் கெர்ஹார்டு கோனிக், லின்னேயசின் மாணவர். அவர் அனுப்பிய மாதிரியைக் கொண்டு லின்னேயசு 1771-இல் ஒரு காளானை விவரித்தார். இன்று போடாக்சிஸ் பிஸ்டில்லாரிஸ் எனப்படும் அது, கறையான் புற்றில் நீண்ட காம்புடன் நிற்கும் வறண்ட நிலக் காளான். இருபதாம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை டி. எஸ். சதாசிவன், சி. வி. சுப்பிரமணியன் ஆகியோரால் பூஞ்சையியல் ஆய்வின் மையமாயிற்று. கே. நடராஜனும் என். இராமனும் தென்னிந்தியக் குடைக் காளான்களைத் தொகுத்து 1983-இல் நூலாக்கினர்.

கானோடெர்மா என்ற பேரினப் பெயரைப் பின்லாந்து நாட்டுக் கார்ஸ்டன் 1881-இல் அமைத்தார். அதன் முதல் இனமான லூசிடம், அதற்கு நூறாண்டு முன்னரே இலண்டன் பெக்காம் பகுதி மாதிரியைக் கொண்டு கர்ட்டிசால் விவரிக்கப்பட்டது. கிழக்காசியாவில் லிங்சி எனப் போற்றப்படும் காளானுக்கும் நெடுங்காலம் இப்பெயரே வழங்கிற்று. இவ்விரண்டும் வேறு வேறு இனங்கள் என்று கண்டு, சீன ஆய்வாளர்கள் 2012-இல் பின்னதற்குக் கானோடெர்மா லிங்சி எனப் புதுப்பெயர் இட்டனர். இது பெயர் பற்றிய சிறு வழக்கு அன்று. உறையின் மேல் லூசிடம் என்று அச்சிட்ட பொடிக்குள் எந்த இனம் இருக்கிறது என்ற கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது.

தமிழக உழவர் கானோடெர்மாவை அறிந்தது மருந்தாக அன்று, நோயாக. 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சாவூர் மாவட்டத் தென்னந்தோப்புகளில் ஒரு வாடல் நோய் கடுமையாகப் பரவியது. மரத்தின் அடித்தண்டில் வெடிப்பு ஏற்பட்டுச் செம்பழுப்பு நீர் வடியும். வேர் அழுகும், மட்டைகள் வாடித் தொங்கும். பட்ட மரத்தின் அடியில் வார்னிசு பூசியதுபோல் பளபளக்கும் அரைவட்டக் காளான் தோன்றும். தஞ்சாவூர் வாடல் நோய், அடித்தண்டழுகல் நோய் என்று பெயர் பெற்ற இதற்குக் காரணம் கானோடெர்மாவே. மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுதல், ஒரு விழுக்காட்டு போர்டோக் கலவையை 40 லிட்டர் அளவில் வேர்ப்பகுதியில் ஊற்றுதல், ஊடுபயிராக வாழை வைத்தல் ஆகியவை வேளாண்துறைப் பரிந்துரைகள். ஒருபுறம் பிண்ணாக்கு இட்டு அழிக்கப்படும் பூஞ்சையின் இனம் மறுபுறம் விலை கொடுத்து வாங்கப்படுகிறது என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். மரத்தின் கட்டைப்பொருளையே சிதைக்கவல்ல உயிரி வீரியமிக்க வேதிப்பொருள்களை உண்டாக்குவதில் வியப்பில்லை. அப்பொருள்கள் மனித நோயைத் தீர்க்குமா என்பது தனிக் கேள்வி.

உணவுக் காளான்

காளானைப் பயிராக்கும் முயற்சி தமிழகத்தில் கோயம்புத்தூரில் வேர்கொண்டது. கே. எம். தாமஸ், டி. எஸ். இராமகிருஷ்ணன் முதலியோர் வைக்கோல் காளான் வளர்ப்பைப் பற்றி 1943-இல் எழுதினர். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் பானோவும் ஸ்ரீவஸ்தவாவும் 1962-இல் சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்த்துக் காட்டினர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் கோ 1 என்னும் சிப்பிக் காளான் இரகத்தை வெளியிட்டது. 1974-இல் வங்காளத்திலிருந்து விவரிக்கப்பட்ட பால் காளானில் ஏபிகே 2 இரகம் அருப்புக்கோட்டை ஆய்வு நிலையத்தின் வழியாக 1998-இல் வந்தது. முப்பது பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் விளைவதால் சமவெளிக்கு ஏற்றது இது. புரதம், நார்ச்சத்து, பி வகை உயிர்ச்சத்துகள் உடைய குறைந்த கொழுப்புணவு என்ற அளவில் இவற்றின் நன்மை ஐயத்திற்கு இடமற்றது. அதைச் சொல்ல மருந்து என்ற சொல் தேவைப்படுவதில்லை.

மருந்தென்னும் கூற்றும் அளவுகோலும்

காளானை முறையான மருந்தாக்கிய நாடு சப்பான். ஷிடாக்கே காளானிலிருந்து லென்டினன் என்னும் பீட்டா குளுக்கனைச் சிஹாரா குழுவினர் 1969-இல் பிரித்தனர். 1985-இல் அது புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணை மருந்தாக அங்கு உரிமம் பெற்றது. தூய்மைப்படுத்தி, ஊசி வழியாக, வேதிச் சிகிச்சையுடன் சேர்த்துத் தரப்படுவது அது. அச்சிறப்பைக் காளான் பொடி கலந்த காப்பிக்கு மாற்றி ஏற்றுவது தருக்கப் பிழை.

கானோடெர்மாவைப் பற்றிய மனித ஆய்வுகளும் உள்ளன. புற்றுநோயில் அதன் பயனை ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 373 பேர் அடங்கிய ஐந்து சோதனைகளைத் தொகுத்து, முதன்மைச் சிகிச்சையாக அதைக் கொள்ளச் சான்று போதாது என்றது. வழக்கமான சிகிச்சையுடன் துணையாகக் கொள்ளலாம் என்பதற்கு மட்டும் இடம் தந்தது. 2015-இல் வெளிவந்த மற்றொன்று 398 பேர் அடங்கிய ஐந்து சோதனைகளை நோக்கி, இரண்டாம் வகை நீரிழிவுடையோரின் இதயநோய் இடர்களுக்கு அதைப் பரிந்துரைக்கச் சான்றில்லை எனக் கண்டது.

இத்தகைய சோதனையை அயல்நாட்டு அளவுகோல் என்று தள்ளுவோர் உண்டு. தாம்பரத்தின் வரலாறே அதற்கு மறுமொழி தரும். பெருங்களத்தூருக்கு இரண்டு நிலையம் வடக்கே, டேவிட் சவுரிமுத்து 1928-இல் 12 படுக்கைகளுடன் காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே அன்றைய சிகிச்சை. அவற்றின் நன்மையில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிச் சிகிச்சை மையம் அந்த நம்பிக்கையையும் சோதனைக்கு உட்படுத்தியது. நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் தம் ஏழை வீடுகளிலும் ஐசோனியசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் நோய் தணிந்தனர். நல்லுணவும் ஓய்வும் இல்லாத வீடுகளிலும் மருந்து வேலை செய்தது. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோயாளரை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து விடுவித்தது. சென்னையில் பிறந்த அளவுகோல் அது. அதைக் காளானுக்கு மட்டும் விலக்கி வைக்கக் காரணமில்லை.

அதே சானடோரியம் பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 செப்டம்பர் 3 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சித்தர் பெயரால் சந்தைக்கு வரும் காளான் பொருள்களைச் சுவடிச் சான்றுடனும் நோயாளரிடம் செய்த சோதனையுடனும் ஒருங்கே நிறுத்திப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. சட்டமும் முன்னரே உள்ளது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபகர விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவும் புற்றுநோயும் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்தல் குற்றம். உணவுப் பொருளாகப் பதிவு பெற்ற காளான் பொடி, அச்சிட்ட உறையில் இவ்வரம்பைப் பெரும்பாலும் மீறுவதில்லை. மீறல் நிகழ்வது வாய்மொழியில், அறிந்தவர் வீட்டு வரவேற்பறையில், சர்க்கரை மாத்திரையை இனி நிறுத்திவிடலாம் என்னும் அறிவுரையில்.