குலைந்த கூட்டத்தில் பிறந்த விதிநூல்

1863ஆம் ஆண்டு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுக நகரமான நியூ பெட்ஃபோர்டில் ராணுவப் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற இளைஞர். அவ்வூர் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடிய ஒரு கூட்டத்துக்கு அவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் நடத்தி அவருக்குப் பழக்கமில்லை. வந்தவர்கள் தாமே ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று நம்பித் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்விட்டது. வெட்கத்தோடு வெளியே வந்தவர், அவை நடத்தும் முறையைக் கற்றுக்கொள்ளாமல் இனி எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

உலகமெங்கும் சங்கங்களும் மன்றங்களும் இன்றும் கையாளும் ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர்’ என்ற கையேட்டுக்கு வித்து அன்றைய அவமானம்தான்.

முதலில் அவருக்குக் கிடைத்தவை சில விதிகள் மட்டுமே. எந்தத் தீர்மானத்தை முதலில் எடுப்பது, எதை ஒத்திவைப்பது என்பது போன்றவற்றை ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டார். 1867இல் வேலை அவரை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுசென்றது. தங்க வேட்டைக்குப் பின் வேகமாக வளர்ந்த அந்நகரில் எல்லா மாநிலத்தவரும் குடியேறியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தம் ஊர் வழக்கமே சரியான கூட்ட முறை என்று நம்பினார்கள். அதனால் எதைப் பற்றிப் பேசுவது என்பதற்கு முன்பே எப்படிப் பேசுவது என்பதில் சண்டை மூண்டது. தேவாலய வேலைகளிலும் பொதுப்பணிகளிலும் ஈடுபட்டிருந்த ராபர்ட் இதை அருகிலிருந்து பார்த்தார். வந்தவர்கள் நல்லது செய்ய வந்தவர்கள். அவர்களிடம் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்று இல்லாததுதான் குறை.

நூல்களைத் தேடினார். அமெரிக்க செனட் சபைக்குத் தலைமை தாங்கிய காலத்தில் தாமஸ் ஜெஃபர்சன் தொகுத்து 1801இல் வெளியான கையேடு இருந்தது. 1845இல் வந்த குஷிங் என்பவரின் கையேடும் இருந்தது. ஒன்றுக்கொன்று பல இடங்களில் அவை ஒத்துப்போகவில்லை. ஜெஃபர்சன் ஊற்றாகக் கொண்டது பிரிட்டிஷ் நாடாளுமன்ற மரபை. நம் சட்டமன்றத்தில் எதிர்வரிசையைப் பார்த்துச் சொல்ல வேண்டியதையும் ‘மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே’ என்று தலைவரை நோக்கியே சொல்வதும் அதே ஊற்றிலிருந்து வந்ததுதான்.

1874 குளிர்காலத்தில் ராபர்ட் மில்வாக்கியில் இருந்தார். மிச்சிகன் ஏரிப் பகுதி உறைந்து கட்டுமான வேலை குறைந்த மாதங்களில் நூலை எழுதத் தொடங்கினார். முதலில் பதிப்பாளர் கிடைக்கவில்லை. சொந்தச் செலவில் 4,000 பிரதிகள் அச்சிட்டார். சிகாகோவின் கிரிக்ஸ் நிறுவனம் 1876 பிப்ரவரியில் அதை வெளியிட்டது. 176 பக்கம், விலை 75 சென்ட். இரண்டு ஆண்டுகளுக்குப் போதும் என்று அவர் நினைத்த பிரதிகள் நான்கே மாதங்களில் தீர்ந்தன. கூட்டம் நடத்திப் பழகாதவர்களுக்காக எளிய விளக்கப் பகுதி ஒன்றும் வேண்டும் என்று தூண்டியவர் அவருடைய மனைவி ஹெலன்.

அந்த விதிகளைப் படித்தால் மனித இயல்பை அவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்பது தெரியும். ஒரு பொருளில் ஒருவர் இரண்டு முறைதான் பேசலாம். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். பேச விரும்பும் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை யாருக்கும் இரண்டாம் வாய்ப்பு இல்லை. குரல் பெரிதாக உள்ளவர் அவையைப் பிடித்துக்கொள்ள இதில் வழியில்லை. எதிராளியை நேராகப் பார்த்துப் பேசக்கூடாது. தலைவரை நோக்கியே பேச வேண்டும். கூடுமானவரை பெயர் சொல்லக்கூடாது. ஒரு தீர்மானத்தின் விளைவை எவ்வளவு கடுமையாகவும் கண்டிக்கலாம். அதைக் கொண்டுவந்தவரின் உள்நோக்கத்தைத் தொடக்கூடாது. சுற்றி வந்து தலைவரிடம் போய்ச் சேரும் சொல்லில் சூடு குறைந்துவிடுகிறது.

மிகக் கடுமையான கட்டுப்பாடு தலைவருக்குத்தான். விவாதத்தில் தம் கருத்தைச் சொல்ல விரும்பினால் அவர் நாற்காலியைவிட்டு இறங்க வேண்டும். அவர் அளிக்கும் தீர்ப்பு தவறென்று உறுப்பினர் ஒருவர் எழுந்து சொல்லி, மற்றொருவர் வழிமொழிந்தால், அவை அதை வாக்கெடுத்து மாற்றலாம். விவாதத்தை நிறுத்தித் தீர்மானத்தை வாக்குக்கு விடச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பெரும்பான்மையினர் சிறுபான்மையினரின் வாயை அடைக்க முடியாதபடி பூட்டிய பூட்டு அது.

ராபர்ட் பின்னாளில் ராணுவப் பொறியாளர் படையின் தலைமைப் பதவிவரை உயர்ந்தார். 1900ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த கால்வெஸ்டன் நகருக்குக் கடல்சுவர் வடிவமைத்த மூவர் குழுவில் ஒருவராகவும் இருந்தார். 1915இல் தம் நூலை முழுவதுமாகத் திருத்தி விரித்தார். 1923இல் மறைந்தார். 2020இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு 700 பக்கங்களைத் தாண்டியது.

நாகரிகமான விவாதம் நல்லவர்கள் கூடினால் தானாக நடந்துவிடாது என்பதுதான் நியூ பெட்ஃபோர்டு கற்றுத்தந்த பாடம். அதற்கு விதி வேண்டும். அந்த விதியைத் தம் கட்சிக்காரருக்கும் சேர்த்துச் செலுத்தும் தலைவர் வேண்டும். குடியிருப்போர் சங்கத்திலோ, பெற்றோர் கூட்டத்திலோ, தொழிற்சங்கத்திலோ நாளை உங்களைத் தலைமை நாற்காலியில் அமர்த்தலாம். இன்னும் பேசாதவரை முதலில் பேச விடுங்கள். உள்நோக்கம் கற்பிக்கும் பேச்சை முதல் முறையிலேயே நிறுத்துங்கள். வாதாட மனம் துடித்தால் நாற்காலியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வாதாடுங்கள்.