எருவின் வரலாறும் நம் பொறுப்பும்

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் வேளாண் நூலில் எருவைப் பற்றி விரிவாக எழுதினார். அவருக்கு முன்பே, 11ஆம் நூற்றாண்டில், டொலேடோவின் இப்னு பஸ்ஸால் எரு வகைகளைத் தரம் பிரித்திருந்தார். சாணத்தையும் இலைதழையையும் அடுத்த விளைச்சலுக்கான முதலீடாகவே அவர்கள் கண்டனர்.

நம் நாட்டில் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, புரட்டி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மட்கச் செய்யும் முறையை வகுத்தார். அவர் இந்திய உழவர்களிடமும் பாடம் கற்றவர்.

நகரத்தில் இச்சுழற்சி அறுந்தது. மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்தே பெருங்குடியில் கொட்டப்பட்டதால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியது. குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்குமாறு 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தன.

தாம்பரத்துக்கு அப்பால் நகரம் பரவிவரும் படப்பையில் வயலும் குடியிருப்பும் இன்னும் அருகருகே உள்ளன. நம் வலீமா விருந்துகளின் காய்கறித் தோலும் வாழை இலையும் வயலைச் சேருமா, குப்பை மேட்டைச் சேருமா என்பது நம் கையில் உள்ளது. பாதையில் இடர் தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையென நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அவ்விடரை உண்டாக்காதிருப்பது அதனினும் முந்திய கடமையன்றோ!