தபால் வாக்கு (தமிழ்நாடு)

தபால் வாக்கு என்பது வாக்குச்சாவடிக்கு நேரில் வர இயலாத வாக்காளர், தாள் வாக்குச்சீட்டில் குறியிட்டு, உறையில் வைத்துத் தேர்தல் நடத்தும் அலுவலருக்குச் சேர்ப்பிக்கும் முறை. அஞ்சல் வாக்கு என்றும் வழங்கப்படும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாக்காளர் அனைவருக்குமே வாக்குச்சீட்டு அஞ்சலில் வருகிறது. இந்தியாவில் இந்த வசதி சட்டம் வரையறுத்த சில பிரிவினருக்கு மட்டுமே உண்டு.

சட்டமும் தகுதியும்

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் ஆகிய இரண்டும் இதற்கு அடிப்படை. படைவீரர்கள், தேர்தல் பணியாளர்கள், தடுப்புக் காவலில் இருப்போர் முதலியோர் நெடுநாளாக இவ்வுரிமை பெற்றவர்கள். படைவீரர்களுக்கு வாக்குச்சீட்டை இணையவழி அனுப்பும் முறை 2016இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் தொடங்கியது. அச்செடுத்துக் குறியிட்ட சீட்டு மட்டும் இன்றும் அஞ்சலில்தான் திரும்பி வருகிறது.

2019 விதித்திருத்தம் 80 வயதைக் கடந்தோரையும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் இது நடைமுறைக்கு வந்தது; இதை எதிர்த்துத் தி.மு.க. தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மார்ச்சில் தள்ளுபடி செய்தது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் வயது வரம்பு 85 ஆக உயர்ந்தது.

வீட்டில் வாக்களித்தல்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் நடக்க முடியாத ஒரு முதியவர் இருக்கிறார் என்று கொள்வோம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவம் 12டி-யை அவர் வீட்டுக்கே கொண்டுவருவார். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் அதை நிரப்பித் தர வேண்டும். ஏற்கப்பட்டால், வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் வாக்கு எனக் குறிக்கப்படும்; பிறகு அவர் சாவடிக்குச் சென்று வாக்களிக்க முடியாது. குறித்த நாளில் அலுவலர்கள் காவலருடனும் ஒளிப்பதிவாளருடனும் வந்து, மறைப்புத் தட்டி வைத்து வாக்கைப் பெறுவார்கள். முதல்முறை அவர் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு முறையும் வருவார்கள்.

இரண்டு உறைகள்

குறியிட்ட சீட்டு சிறிய உறைக்குள் (13பி) வைத்து ஒட்டப்படும். அவ்வுறையும், சான்றொப்பம் பெற்ற உறுதிமொழிப் படிவமும் (13ஏ) பெரிய உறைக்குள் (13சி) போகும். வாக்களித்தவர் யார் என்பதற்குப் படிவம் சான்று. யாருக்கு வாக்களித்தார் என்பதைச் சிறிய உறை மறைக்கிறது. படிவம் இல்லையென்றாலோ, சான்றொப்பம் விடுபட்டாலோ, வரிசை எண் பொருந்தாவிட்டாலோ சிறிய உறை பிரிக்கப்படாமலேயே வாக்கு தள்ளுபடியாகும்.

எண்ணிக்கை

எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்குமுன் வந்து சேர்ந்த உறைகளே ஏற்கப்படும். தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசையில் முதலில் எண்ணப்படுபவை இவையே. வெற்றி வித்தியாசம் தள்ளுபடியான தபால் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால், அவற்றை மீண்டும் சரிபார்த்த பிறகே முடிவு அறிவிக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்.

ராதாபுரம் வழக்கு

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். அங்கே 203 தபால் வாக்குகள் தள்ளுபடியாகியிருந்தன. சான்றொப்பமிட்ட பள்ளித் தலைமை ஆசிரியர்கள் அதற்குத் தகுதியான அலுவலர்களா என்பதே வழக்கின் மையக் கேள்வி. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாக்குகளையும் கடைசி மூன்று சுற்று வாக்குகளையும் மீண்டும் எண்ண உத்தரவிட்டது. எண்ணிக்கை நடந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.