மண்டபம் முகாம்: மீன் கணக்கும் ஆவுளியாவும்

மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்டது. 1949-இல் அதன் தலைமையகம் மண்டபம் முகாமுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த முகாம் அது. வடக்கே ஆழம் குறைந்த, சேறு படிந்த பாக் விரிகுடா; தெற்கே பவளத்தீவுகள் நிறைந்த மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு இவை வடகடல், தென்கடல். வாடை வீசும்போது தென்கடலிலும் சோளகத்தில் வடகடலிலும் தொழில் நடக்கும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கடலில் மீன் கிடைப்பதைவிட ஓர் ஆய்வகத்துக்கு வேறென்ன வேண்டும்? 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனபின் மண்டபம் வட்டார மையமாகத் தொடர்கிறது.

ஆய்வின் அடித்தளம் கரையில் எடுக்கும் கணக்கு. எல்லாப் படகுகளின் மீன்பாட்டையும் எவராலும் எடைபோட்டுவிட முடியாது. ஆகவே மாதத்தில் சில நாட்களும், அந்நாட்களில் சில படகுகளும் மாதிரியாக எடுக்கப்படுகின்றன. கணக்கெடுப்பவர் முதல் நாள் நண்பகல் 12 முதல் மாலை 6 வரையும், மறுநாள் காலை 6 முதல் 12 வரையும் இறங்குதளத்தில் நிற்பார். இடைப்பட்ட இரவில் வந்ததை விசாரித்துக் குறிப்பார். ஏலம் போகும் அவசரத்தில், கூடையில் காரல் எவ்வளவு, நகரை எவ்வளவு, பொடிமீன் எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். புகழ் சேர்க்காத வேலை. ஆனால் மீன்வளம் பற்றிய தீர்ப்புகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

மாதிரி மீன்கள் ஆய்வகத்தில் அளவுப்பலகைமீது வைத்து அளக்கப்படும். வயிறு பிளந்து சினையின் முதிர்ச்சி பார்க்கப்படும். குளிர்நாட்டு மீன்களின் வயதைச் செவிக்கல்லின் வளையங்களை எண்ணிச் சொல்லிவிடலாம். வெப்பக்கடல் மீன்களில் அவ்வளையங்கள் பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. ஆகவே ஒரே இனத்தின் நீளங்களை மாதந்தோறும் அளந்து, பெருங்கூட்டம் எந்த நீளத்திலிருந்து எந்த நீளத்துக்கு நகர்கிறது என்று பார்த்து வளர்ச்சியைக் கணிக்கிறார்கள். முதல்முறை முட்டையிடும் அளவை எட்டுமுன்பே பிடிபடும் மீன் மிகுந்தால், வலைக்கண்ணைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டியதுதான்.

இதே கணக்கு முறை ஆவுளியாவுக்குப் பொருந்தாது. மீன் பல்லாயிரம் முட்டையிடும். கடற்புல் மேயும் இந்தப் பாலூட்டி ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும், அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். ஒரு பெண் விலங்கு வலையில் மூச்சுமுட்டிச் செத்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ் காலத்தில் ஆவுளியாக்களை மண்டபத்தில் வைத்து வளர்த்து, அவை புல் தின்பதையும் மூச்சு வாங்குவதையும் கவனித்தார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஆவுளியாவுக்கு இடமுண்டு. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு அதற்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கடலட்டையின் கதை சிக்கலானது. ஏற்றுமதிக்காகக் குளித்தெடுக்கப்பட்ட இவ்வுயிர் 2001-இல் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டது; அதைப் பிடிக்கத் தடை வந்தது. அதை நம்பிப் பிழைத்த கடற்கரை மக்கள் தடையை நீக்கக் கேட்டுவருகிறார்கள். தூத்துக்குடியில் இதே நிலையம் 1988-இல் வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கியிருந்தது என்பதால், வளர்த்து விற்கலாமே என்ற வாதமும் வலுவானது. ஆனால் தடை வந்ததும் கரையிறக்கம் நின்றது. கரையிறக்கம் நின்றதும் அதன் கணக்கும் நின்றது. இருப்பு தேறியதா என்பதை இறங்குதளத்தில் நின்று இனிச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே மூழ்கிக் கடல்தரையில் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தொடர்ந்து நடக்காதவரை, தடையை நீக்குவதற்கும் நீட்டிப்பதற்கும் காட்டப்படும் காரணங்கள் அரைகுறையானவையே.